ஸ்டென்ட் வைத்த பிறகும் நடக்கணுமா? மாமா விஷயத்தில் பார்த்தது

மாத்திரையிலேயே கொலஸ்டிரால் இறங்கிவிட்டது, அப்புறம் எதற்கு வாக்கிங் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கச்சிமடத்தில் என் தாய்மாமாவும் அதையேதான் கேட்டார். பல வருடம் விசைப்படகு டிரைவர், மதுரையில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்த பிறகு கடலுக்குப் போகவில்லை, திண்ணையும் டிவியும்தான். "கெட்ட கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு மாப்ள, இன்னும் என்ன?" என்பார்.

அந்த ரிப்போர்ட் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் உள்ளே போகின்றன, அங்கே மேக்ரோபேஜாக மாறி, கொழுப்பைத் தின்று தின்று உப்பி, பல அங்கேயே செத்து, அழற்சியை (உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கிளம்பி உண்டாக்கும் புண், வீக்கம்) இன்னும் கிளறிவிடுகின்றன. இப்படிச் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவு கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேல் எடுத்து, கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசியைச் சோதித்தார்கள். போட்டவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது, ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

சரி, நடையால் என்ன ஆகும்? வெள்ளணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு லெப்டின் என்ற ஹார்மோன் (உடம்புக் கொழுப்பு சுரப்பது) குறைந்தது, அதனால் மஜ்ஜையில் உள்ள மூல செல்கள் நிதானமாகி, அழற்சி அணுக்களின் உற்பத்தியே குறைந்தது. ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சில வாரம் அந்தப் பலன் நீடித்தது. எலியில் கண்டது அப்படியே மனிதனுக்கும் என்று சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

இதைச் சொன்னதும் மாமா, "வெள்ளணு கொறஞ்சா காய்ச்சல்ல படுத்துருவேனே?" என்றார். நல்ல கேள்வி. அதே ஆய்வில் அதையும் பார்த்திருக்கிறார்கள்: கிருமி தாக்கியபோது ஓடிய எலிகளால் தேவையான அணுக்களைப் பெருக்க முடிந்தது. இதைக் கேட்ட பிறகுதான் அவர் செருப்பை மாட்டினார். இப்போது வெயில் தாழ்ந்ததும் அத்தையும் அவரும் கடற்கரைப் பக்கம் நடக்கிறார்கள், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். வாரத்துக்கு 150 நிமிடமாவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு வந்தார்.

ஒன்று கவனிக்க வேண்டும், வேகமாக நடந்துவிட்டு அந்தக் கையோடு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தால் வெள்ளணு கூடுதலாகக் காட்டலாம், சில மணி நேரத்தில் இறங்கிவிடும், பயப்படாதீர்கள். நடக்கிறோமே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சை இறுக்கினால் அங்கேயே உட்காருங்கள், விடவில்லை என்றால் உடனே 108க்குப் போன் போடுங்கள்.