வானம் வருகிறது, காடு மட்டும் கருப்பாகவே நிற்கிறது

மின்மினி:
நிலா இல்லாத இரவில் காட்டுக்குள்ளிருந்து பால்வீதி எடுக்கிறேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200, 20 விநாடி. நட்சத்திரங்கள் நன்றாகவே விழுகின்றன. மரங்கள்தான் கன்னங்கரேல். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) நிழல் பகுதியை வெளிச்சமாக்கினால் மரப்பட்டை தெரியாமல் ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள்தான் கிளம்புகின்றன. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றட்டுமா, நேரத்தை நீட்டட்டுமா?

கருவிழி:
இந்த ஒரே ஃபிரேமில் இரண்டுமே உதவாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் சென்சாரில் விழும் வெளிச்சம் அதிகமாகாது. நேரத்தை நீட்டினால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். கோடாகாமல் இருக்க 500ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுப்பார்கள்; அப்படி 24ஆல் வகுத்தால் வரும் 20 விநாடியே இன்றைய சென்சார்களுக்குக் கொஞ்சம் தாராளம். நான் 13 விநாடியில் நிறுத்திவிடுவேன்.

காட்டைத் தனியாக எடுத்து, பிறகு வானப் படத்தோடு சேருங்கள். மரம் நகராது, அதற்கு நேரம் கொடுக்கலாம். ட்ரைபாடை அசைக்காமல் பல்ப் மோடில் (ஷட்டரை வேண்டிய நேரம்வரை திறந்தே வைக்கும் முறை) ஐ.எஸ்.ஓ. 800, 8 நிமிடம். 20 விநாடியில் சேர்வதைப் போல 24 மடங்கு வெளிச்சம் சேரும், பட்டையின் வெடிப்புகூடத் தெரியும். புள்ளிகளை (நாய்ஸ்) குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 8 நிமிடம் எடுக்கும். பொறுமையாக இருங்கள், சூடான பிக்சல்கள், அதாவது நீண்ட நேரத்தில் தானாக ஒளிரும் புள்ளிகள், அதில்தான் போகும்.

இன்னொன்று ஃபோகஸ். நட்சத்திரத்துக்கு வைத்த ஃபோகஸில், எஃப் 2.8இல், மூன்று மீட்டரில் நிற்கும் மரம் மங்கலாகத்தான் இருக்கும். அடிமரத்தில் டார்ச் அடித்து, லைவ் வியூவைப் பெரிதாக்கி, பட்டையின் ஒரு விளிம்பு கூராகும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். அப்புறம் டார்ச்சை அணைத்துவிட்டு எடுங்கள்.

வடமீன்:
காற்று அடித்தால் 8 நிமிடத்தில் இலையெல்லாம் குழம்பிவிடும். அன்றைக்கு, அந்தி மங்கும்போதே காட்டை எடுத்து வைத்துவிட்டு, அதே இடத்தில் இருட்டும்வரை காத்திருப்பது மேல். வானத்தைத் தொடர்ச்சியாக 16 ஃபிரேம் எடுத்து ஸ்டாக் செய்தால் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்) நாய்ஸ் கால்வாசியாகும். லென்ஸில் பனி படிகிறதா என்று இடையிடையே பாருங்கள்.

மின்மினி:
சரி, இரண்டையும் சேர்க்கும்போது கிளைகளின் இடுக்கில் என்ன செய்வது? நீண்ட எக்ஸ்போஷரில் அங்கேயும் நட்சத்திரம் கோடாக இருக்குமே?

கருவிழி:
இருக்கும். இதில் கஷ்டமே அதுதான். ஃபோகஸை மாற்றும்போது படமும் இம்மி விரியும் அல்லது சுருங்கும், அதனால் சின்னக் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. எந்தப் படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று பிரிக்கும் மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் இலை ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு மிஞ்சும். தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் கிளைகளை அப்படியே கருப்பாக விட்டுவிடுங்கள், அழகாகவே இருக்கும். 8 நிமிட ஃபிரேமிலிருந்து அடிமரம், வேர், தரை இவற்றை மட்டும் எடுத்து, மேலே போகப்போக மங்கும்படி கிரேடியன்ட் மாஸ்க் போடுங்கள். மரங்கள் விலகி வானம் ஒரே துண்டாகத் தெரிகிற இடமாகப் பகலிலேயே பார்த்து வைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.