தவளைக் கதை கேட்ட பையனும் விலாங்கு சொன்ன ஆன்ட்டியும்

சிட்னிக்கு வந்து ஒன்பது வருடம், வீடு டூங்காபி பக்கம். எந்த விழாவுக்குப் போனாலும் தொடக்கத்தில் இந்த நிலத்துக்குரிய தாருக் மக்களுக்கு மரியாதை சொல்வார்கள். ஆனால் ஒரு தாருக் பெரியவர் முன்னால் உட்கார்ந்து கேட்டது போன ஜூலையில்தான்.

பள்ளி விடுமுறை, பழங்குடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நய்டாக் வாரம். எங்கள் பகுதி நூலகத்துக்கு ஏழு வயது மகளோடு போனேன். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, கையில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ‘வாரமி’ என்றார், அவர்கள் மொழியில் வணக்கம். எல்லோரும் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. நூலகர்கள் அவரை ‘ஆன்ட்டி’ என்று அழைத்தார்கள். பழங்குடி மக்கள் மூத்த பெண்களை அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். என் மகளுக்கு அது உடனே வாயில் வந்துவிட்டது.

ஒரு பையன் எழுந்து, ஊர்த் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்ட தவளைக் கதையைக் கேட்டான். “டிடாலிக் தவளையா? அது விக்டோரியாவில் இருக்கும் குனைகுர்னாய் மக்களுடைய கதை, கண்ணு. அவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் எங்கள் ஆற்றைச் சொல்கிறேன்” என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை அது. அதைக்கூட உரியவர்களிடமே விட்டார். எனக்கு அங்கேயே மனம் நின்றுவிட்டது.

அப்புறம் விலாங்கு. பரமட்டா என்ற அந்த ஆற்றின் பெயரிலேயே விலாங்கு இருக்கிறது, விலாங்குகள் கிடக்கும் இடம் என்று பொருள். ஆற்றில் பல வருடம் வளர்ந்த விலாங்கு, நியூ கலிடோனியா பக்கம் பவளக் கடல்வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப்போய் முட்டையிட்டுச் செத்துவிடும். கண்ணாடி மாதிரி குஞ்சுகள் நீரோட்டத்தோடு திரும்பி வரும், ஈரப் பாறைகளில்கூட ஏறி வரும். சொல்லச் சொல்ல அவர் கையே விலாங்காக நெளிந்தது. பிள்ளைகள் தரையில் படுத்து நெளிந்தார்கள்.

பிறகு குரல் தாழ்ந்தது. 1814இல் பிரிட்டிஷ் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பழங்குடிக் குழந்தைகளுக்கென்று ஒரு நிறுவனம் அமைக்க உத்தரவிட்டார். அதில் சேர்த்த பிள்ளையைப் பெற்றவர்கள் நினைத்தபோது திருப்பி அழைத்துப்போக முடியாது. இதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, தன் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். “அதை உள்ளே வை மகளே, காதால் கேள்” என்றார். கோபம் இல்லை. வெட்கத்தில் எனக்குக் கை நடுங்கியது. முன்பே கேட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். எதை நான் வெளியே சொல்லலாம் என்றும் கேட்டேன். விலாங்கைச் சொல்லலாம், ஆனால் எந்த ஆற்றங்கரையில் யாரிடம் கேட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். குடும்பக் கதை வேண்டாம் என்றார். அதனால் அதை இங்கே எழுதவில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். அந்தத் தவளைக் கதையை நான் விக்டோரியாவின் கிப்ஸ்லாந்தில் ஒரு நூலகத்தில் குனைகுர்னாய் பெரியவர் ஒருவரிடமே கேட்டேன். கன்னத்தை உப்பவைத்து அவரே தவளையாகிவிட்டார். சிரிக்க வைத்தால்தான் தண்ணீர் வெளியே வரும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேட்டை செய்தார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் உடம்பை நெளித்து ஆடியதும் வெடித்துச் சிரித்தார். கதையிலும் தவளையைச் சிரிக்க வைப்பது ஒரு விலாங்குதான்!

*

உங்கள் இருவர் எழுதியதையும் படித்தேன். நாங்கள் இருப்பது அடிலெய்டில். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்திருந்தபோது நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். பாலைநிலத்து அனங்கு பழங்குடிப் பெண் ஒருவர் ஏழு சகோதரிகளின் கதையைச் சொன்னார். நிரு என்பவன் அவர்களை நாடு முழுக்கத் துரத்துகிறான், அவர்கள் வானத்துக்கு ஏறி நட்சத்திரங்களாகிவிடுகிறார்கள். சுவரில் அந்த நட்சத்திரக் கூட்டத்தின் படம் இருந்தது. மாமி என் கையைப் பிடித்து, “இது எங்கட கார்த்திகைப் பெண்கள் எல்லே! ஆறு பேர்தானே?” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண், “உங்கள் பெண்களை யார் துரத்தினார்?” என்று கேட்டார். “ஒருத்தரும் துரத்தேல்லை, ஒரு பிள்ளையை வளர்த்தவை” என்றார் மாமி. அந்தப் பெண் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “இங்கே வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள், அதை நான் சொல்ல முடியாது” என்றார். மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தார்.