மறுமொழி: ஒரே பெயரில் இரண்டு இசைக்குழுக்கள், இதற்கு என்ன சொல் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே பெயர் கொண்ட இரண்டு இசைக்குழுக்களின் உறவுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு எழுதாமல் எல்லாருடைய பரிந்துரைகளையும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'ஒருபெயர்க் குழு' என்று வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் தம்பி, ஆனால் அந்தச் சொல் வேறு ஒரு வேலைக்கு வேண்டும். மடோனா, ஷேர், அடெல் இப்படி ஒற்றைப் பெயரோடு மட்டும் மேடையேறுகிறவர்கள் இருக்கிறார்களே, 'ஒருபெயர்ப் பாடகி' என்று எங்காவது படித்தால் எனக்கு முதலில் அவர்கள் நினைவுதான் வரும். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

> 'பெயர்ப் பொருத்தம்' எப்படி?

அக்கா, இதைக் கேட்டதும் வீட்டில் ஜாதகக் கட்டோடு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கல்யாணத் தரகர்கள் அந்தச் சொல்லைப் பல காலமாக வைத்திருக்கிறார்கள், நாம் வாங்க முடியாது.

> தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' இருக்கிறதே?

இருக்கிறது, நல்ல சொல்லும்கூட. ஆனால் அது வந்தவரைச் சரியான பக்கத்துக்கு அனுப்பி வைக்கும் வேலைக்கான பெயர். நமக்கு வேண்டியது அந்த இரண்டு குழுக்களுக்கும் இடையில் உள்ள உறவுக்கு ஒரு பெயர்.

> 'பெயர் மோதல்' சரியாக வரும், கணினித் துறையில் ஏற்கனவே புழங்குகிறது.

இதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். மோதல் நடந்த கதைகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மோதாமலே போன கதைகளும் உண்டு. 1965இல் கலிபோர்னியாவில் வார்லாக்ஸ் என்று ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது, அதே ஆண்டு நியூயார்க்கில் இன்னொரு குழுவும் வார்லாக்ஸ் என்ற பெயரை வைத்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டுமே பெயரை மாற்றிக்கொண்டன. முதலாவது கிரேட்ஃபுல் டெட், இரண்டாவது வெல்வெட் அண்டர்கிரவுண்ட்! இந்தத் தகவல் எனக்குக் கிடைத்த அன்று தூக்கமே வரவில்லை. ராக் இசையில் ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரமான இரண்டு குழுக்கள் ஒரே பெயரில் தொடங்கியிருக்கின்றன, நடுவில் ஒரு வழக்கும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. இதை மோதல் என்று எப்படிச் சொல்வது?

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். பெயர்ப்பங்காளி.

பங்கு உள்ளவர் பங்காளி. ஒரே சொத்தில் இரண்டு பேருக்கு உரிமை, அதில் ஒற்றுமையாகவும் இருக்கலாம், சண்டையும் போடலாம், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு வேறு ஊரிலும் வாழலாம். இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கிற சொல் நம்மிடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. 'பங்காளி என்றால் இரத்த உறவு அல்லவா, இந்தக் குழுக்களுக்குள் உறவே கிடையாதே' என்று ஒருவர் கேட்பார், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பங்காளிக் கட்சி என்று இலங்கை, இந்தியச் செய்திகள் இரண்டிலும் எழுதுகிறார்கள், அங்கே இரத்த உறவு எதுவும் இல்லை. ஆண்களை மட்டும் குறிக்கும் என்ற தயக்கமும் தேவையில்லை, தொழிலாளி, நோயாளி, முதலாளி எல்லாம் அதே 'ஆளி'தான். ஒற்று மிகும், பெயர்ப்பலகை போல. பேச்சில் 'பேர்ப்பங்காளி' என்று தானாகவே வந்துவிடும்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே அதன் பின்னால் வருகிற சொற்கள்தான். பங்காளி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் நிலத்தகராறுக்கு நாம் வைத்திருக்கும் மொத்தச் சொத்தும் கூடவே வந்துவிடுகிறது. பாருங்கள். லண்டனில் ஸ்வேட் என்ற குழு, 1993இல் முதல் ஆல்பமே இங்கிலாந்தில் முதலிடம். அமெரிக்காவுக்குப் போனால் அங்கே ஏற்கனவே ஸ்வேட் என்ற பெயரில் ஒரு பாடகி பாடிக்கொண்டிருக்கிறார். அதனால் அமெரிக்காவில் மட்டும் அவர்கள் 'த லண்டன் ஸ்வேட்'. இது சுத்தமான பாகப்பிரிவினை, வரப்பு போட்டு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ராக் குழு நிர்வாணாவின் கதை வேறு. சியாட்டில்காரர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல், லண்டனில் ஒரு நிர்வாணா ஆல்பம் வெளியிட்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன்காரர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள், இருவரும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். கூட்டுப்பட்டா! பிறகு அந்த லண்டன் நிர்வாணா, சியாட்டில் நிர்வாணாவின் ஒரு பாட்டையே தங்கள் பாணியில் பாடிப் பதிவு செய்தது, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த மாதிரி. மான்செஸ்டரில் டஸ்ட் பிரதர்ஸ் என்ற பெயரில் இசை போட்டுக்கொண்டிருந்த இருவர், லாஸ் ஏஞ்சலஸில் அதே பெயரில் மூத்த தயாரிப்பாளர்கள் இருந்ததால் 1995இல் பெயரை விட்டுக்கொடுத்து கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். அது விடுதலைப் பத்திரம். எல்லாவற்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று கேட்கவில்லை, எழுதுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன, அது போதும்.

அடுத்து, இந்த இழையில் யாரும் இன்னும் தொடாத ஒன்று. 'த லண்டன் ஸ்வேட்' என்பதில் அந்த 'லண்டன்', பெயருக்கு முன்னால் வேறுபாட்டுக்காக ஒட்டவைத்த அந்தத் துண்டு, அதற்கு என்ன பெயர்? இதற்கு நாம் எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, இலக்கணத்தில் இருக்கிறது: இனச்சுட்டு, அதாவது ஒரே இனத்தில் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் அடைமொழி. செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு என்று பொருள், அதனால் அங்கே 'செம்மை' இனத்தைச் சுட்டுகிறது. செஞ்ஞாயிறு என்றால் கறுப்பு ஞாயிறு எதுவும் கிடையாது, அது இனச்சுட்டு இல்லாத அடை. பெயர் ஒன்றாகிப் போன புலவர்களை நம் முன்னோர்களும் இப்படித்தான் பிரித்தார்கள், கபிலர் ஒருவர், தொல்கபிலர் ஒருவர், பரணர் ஒருவர், வன்பரணர் ஒருவர். வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுகிறோமே, அதே வேலைதான்.

பர்மிங்காமில் இருந்து வந்த த பீட் குழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் பால் காலின்ஸ் நடத்திய பீட் இருந்ததால் அங்கே அவர்கள் 'த இங்கிலிஷ் பீட்', ஆஸ்திரேலியாவில் 'த பிரிட்டிஷ் பீட்'. எதிர்ப்பக்கமும் தப்பவில்லை, அது 'பால் காலின்ஸின் பீட்' ஆனது. பங்காளிகள் இருவருமே இனச்சுட்டு மாட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் புஷ் குழு கனடாவில் மட்டும் 'புஷ் எக்ஸ்' என்று இருந்தது, ஏனென்றால் எழுபதுகளில் அங்கே ஒரு புஷ் இருந்திருக்கிறது. 1997இல் உடன்பாடு வந்து அறப்பணிக்குப் பணம் கொடுத்து அந்த 'எக்ஸ்' உதிர்ந்தது.

அமெரிக்காவின் பிளிங்க் 182 குழு பற்றி எனக்குத் தனியாக ஓர் ஆசை. அயர்லாந்தில் பிளிங்க் என்று ஒரு குழு இருந்ததால்தான் 182 வந்து ஒட்டியது. இன்று அந்த அயர்லாந்துக் குழுவை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வெண்தாமரை மறந்துபோய், செந்தாமரையே தாமரை ஆகிவிட்டது. இனச்சுட்டாகப் பிறந்த எண் இன்று பெயரின் சதையாகிவிட்டது. இந்த நிலைமாற்றத்தையும் சொல்ல நம் இலக்கணத்தில் வழி இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பங்காளி என்றால் இரண்டு பேரும் சமபலத்தில் இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. 2020இல் லேடி ஆன்ட்டபெல்லம் என்ற நாட்டுப்புறப் பாணிக் குழு, பழைய பெயரில் அடிமை முறைக் காலத்தின் வாடை இருக்கிறது என்று 'லேடி ஏ' என்று சுருக்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரில் சியாட்டிலில் ஒரு கறுப்பினப் பாடகி பல ஆண்டுகளாக ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்தார். வழக்கு, எதிர்வழக்கு, 2022இல் சமரசம். இதைத் தமிழில் எழுதும்போது 'பெயர்ப்பங்காளிகள்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் முன்பே இருந்தவர் யார், பிறகு வந்தவர் யார் என்பது மறைந்துபோகும். அதனால் மூத்த பங்காளி, இளைய பங்காளி என்று சேர்த்தே எழுதும் பழக்கம் வேண்டும் என்பது என் கோரிக்கை. லேடி ஏ விஷயத்தில் மூத்த பங்காளி அந்தப் பாடகிதான், புகழ் யாருக்கு அதிகம் என்பது இதில் கணக்கில்லை.

> அப்படியே, பெயர் குழம்பி வேறு குழுவின் பாட்டைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

ஆமாம், வேண்டும்! எனக்கே நடந்திருக்கிறது. ஒரு பாட்டுச் செயலியில் நிர்வாணா என்று தேடி, வந்ததை அப்படியே ஓடவிட்டு, சமையலறையில் வேலையாக இருந்தேன். கிட்டார் இரைச்சல் வரும் என்று நினைத்தால் வயலின்கள் வருகின்றன, அதன் மேல் குரலும் இசையும் தண்ணீருக்குள் கிடந்து நெளிவது போல ஒரு ஒலி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். லண்டன் நிர்வாணாவின் 'ரெயின்போ சேசர்', 1968. செயலி இரண்டு குழுக்களையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்பியிருந்தது. அந்தத் தவறு நடந்திருக்காவிட்டால் அந்தப் பாட்டை நான் இந்தப் பிறவியில் கேட்டிருக்கப் போவதில்லை. ஆள்மாறாட்டம் இருக்கிறதே, அதை வைத்து இதற்குப் பெயர்மாறாட்டம் என்கிறேன். அப்படிக் கிடைத்த பாட்டு மாறாட்டப் பாட்டு. ஆள்மாறாட்டத்தில் மோசடி வாடை அடிக்கிறது என்றால், அது 'ஆள்' சேர்ந்ததால் வந்தது. மாறாட்டம் என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றி நினைப்பது, அவ்வளவுதான்.

ஒரே தலைப்பில் பல பாட்டுகள் இருப்பதை இதில் சேர்க்க வேண்டாம். 1984, 85இல் மட்டும் 'த பவர் ஆஃப் லவ்' என்ற தலைப்பில் மூன்று வேறு வேறு பாட்டுகள் பெரிய வெற்றி பெற்றன, யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. பாட்டுத் தலைப்பு ஊர்ப்பொது நிலம் மாதிரி, பங்காளி என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. 'ஒருதலைப்புப் பாட்டுகள்' என்று எழுதினால் புரிந்துவிடும்.

புழக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க மூன்று வரி எழுதிப் பார்த்தேன்:

ஸ்வேட்: லண்டன் இசைக்குழு. அமெரிக்காவில் இதற்கு மூத்த பெயர்ப்பங்காளி ஒருவர் உண்டு. அதனால் அங்கே இனச்சுட்டுடன் 'த லண்டன் ஸ்வேட்' என்று வழங்கும்.

சத்தமாகப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. நீங்களும் படித்துச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் தீராத சந்தேகம் ஒன்றுதான்: இனச்சுட்டை மொழிபெயர்ப்பதா, அப்படியே ஒலிபெயர்ப்பதா? 'ஆங்கிலேய பீட்' என்று எழுதினால் பொருள் உடனே விளங்குகிறது, ஆனால் தேடுகிறவருக்குக் குழு கிடைக்காது. நான் ஒலிபெயர்ப்புப் பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எடுத்துக்காட்டோடு எழுதினால் அடுத்த வாரத்துக்குள் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.