கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம்: நம் ஊருக்குத் தேவையா?

தென்றல்: மொய் நோட்டில் 101 ரூபாயைக்கூட ஊர், பெயர் சேர்த்துப் பதிகிற நாம், மணப்பெண் கொண்டுவரும் நகை எத்தனை சவரன் என்று கையெழுத்திட்ட பட்டியல் வைப்பதில்லை. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளோ அப்படியொரு பட்டியலைக் கேட்கின்றன. சொத்து, கடன், பெற்றோர் பராமரிப்பு ஆகியவற்றையும் தாலி ஏறுமுன் எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பழைய வக்கீல்: எழுதலாம் அம்மா, அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே. பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. மனைவியை அவளுடைய தாய் வீட்டிலிருந்து அழைத்துச் செல்ல மாட்டேன் என்று மணத்துக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்ததை 1901-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ‘ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று மணப்பெண் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தாலும் அவருடைய சட்ட உரிமை போய்விடாது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தாளை யார் எழுதுவார்கள் என்பது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் தாளை மறுக்கும் துணிவு, பெண்ணைப் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

கொங்குத் தம்பி: நான் மாமன் மகளைக் கட்டியவன். மாமனிடம் போய்க் கையெழுத்துக் கேட்டிருந்தால் என் அம்மாவே என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

தென்றல்: சொந்தத்தில் கட்டினால் பத்திரம் இருவர் பெயரிலும் தானாக வந்துவிடுமா, தம்பி? வக்கீல் ஐயாவின் அச்சம் நியாயமானது. ஆயினும் இந்து திருமணச் சட்டப்படி மணந்துகொள்வதால் மட்டும் சொத்து பொதுவாகிவிடுவதில்லை, யார் பெயரில் பத்திரமோ அவருடையதாகவே பெரும்பாலும் நிற்கிறது. என் அக்கா பத்து வருடம் தன் சம்பளத்தில் அரிசி, பால், பள்ளிக் கட்டணம் என்று செலவு செய்தாள். அத்தான் சம்பளம் வீட்டுக்கடன் தவணைக்குப் போனது. பிரிந்தபோது வீடு அத்தானுக்கு. அக்கா போட்ட பணத்துக்கு ரசீதுகூட இல்லை. கோவாவில் போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டப்படி மணமான இருவருக்கும் சொத்து பொது. வேண்டாம் என்பவர்கள்தான் மணத்துக்கு முன்பே ஒப்பந்தம் பதிய வேண்டும். நமக்கு நிலைமை தலைகீழ் என்பதால், ‘சேர்ந்து வாங்குவது இருவருக்கும் பாதி’ என்று எழுதிவைக்கச் சொல்கிறேன்.

பழைய வக்கீல்: நகைப் பட்டியலை ஒப்புக்கொள்கிறேன், அது பின்னாளில் நல்ல சான்று. வீட்டுக்கோ கிரையப் பத்திரத்திலும் கடன் விண்ணப்பத்திலும் இருவர் பெயரையும் சேர்த்தால் போதுமே. வலுவில்லாத ஒப்பந்தத்தை நம்புவதைவிட அது உறுதியானது.

தென்றல்: பதிவு அலுவலகம் போகிற அன்று காலையில் அக்காவும் அதைத்தான் கேட்டாள், ஐயா. “உன் பேரு வேற, என் பேரு வேறயா?” என்று அத்தான் சிரித்தார். முன்பே பேசி ஒப்புக்கொண்டோமே என்று எடுத்துக் காட்ட அவள் கையில் ஒரு தாளும் இல்லை.