மஞ்சூர் வீடு – குடும்பக் குழு

செல்வம்: எல்லோருக்கும் வணக்கம். தீபா நிச்சயத்துக்குப் பின்பக்கம் பந்தல் போட வேண்டும். அப்பாவுடைய கலவை மெஷின் நட்டநடுவில் நிற்கிறது. காயலான் கடைக்காரர் புதன்கிழமை வண்டி கொண்டு வருகிறார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

கலா: எது, கோழி முட்டை வைக்குமே அதுவா

சுகந்தி: அதேதான்

பிரபு: கிலோ எவ்வளவு மாமா

செல்வம்: 30 சொல்கிறார்

ராஜாமணி: யாரும் கை வைக்கக் கூடாது. விவரமாக எழுதுகிறேன்.

தீபா: பெரியப்பா எழுத ஆரம்பித்துவிட்டார். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் 😄

ராஜாமணி: அது 10/7 மிக்சர். ஜல்லி, மணல், சிமெண்ட் 10 கன அடி கொட்டினால் 7 கன அடி கலவையாக வெளியே வரும். அதில் உட்கார்ந்திருப்பது லிஸ்டர் 6/1 டீசல் இன்ஜின். ஒரே சிலிண்டர், 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் செய்தது. பேட்டரி, செல்ஃப் எதுவும் கிடையாது. தலையில் இருக்கும் லிவரைத் தூக்கினால் உள்ளே அழுத்தம் இருக்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் வேகம் பிடித்ததும் லிவரை விட்டுவிட வேண்டும், டப் என்று பிடித்துக்கொள்ளும். கனடாக்காரர்கள் உதவியோடு இங்கே நீலகிரியில் குந்தா நீர்மின் திட்ட வேலை நடந்தபோது அப்பா கை பழகியது இந்த மாதிரி மெஷினில்தான். 1960-ல் அங்கே முதல் பவர் ஹவுஸ் ஓடியது.

பிரபு: அப்படியென்றால் அணையே இதில் கட்டியதா 😮

ராஜாமணி: அணைக்கு இது எந்த மூலைக்கு! குவார்ட்டர்ஸ், சிறு பாலம், அந்த மாதிரி வேலைக்கு. நம் வீட்டில் இருப்பதை அவர் பிறகு ஏலத்தில் எடுத்தார்.

கலா: ஏலத்துக்கு அம்மாவின் வளையல் போனதையும் விவரமாக எழுதுங்கள் பெரியண்ணா

சுகந்தி: கலா, சமையல்காரரிடம் பேசினாயா?

கலா: எத்தனை இலை என்று கேட்கிறார்

சுகந்தி: மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பெட்டி பெட்டியாக வர்க்கி மட்டும் வேண்டுமாம்

செல்வம்: அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. இன்ஜினின் வார்ப்பிரும்பு உடம்பு, அந்த பிளாக், விரிந்து கிடக்கிறதே?

ராஜாமணி: விரிய விட்டது யார்?

செல்வம்: ஆரம்பித்துவிட்டீர்களா

தீபா: என்ன கதை இது?

கலா: உறைபனிக் கதை. கல்யாணத்துக்குக் கல்யாணம் வரும்

ராஜாமணி: தீபா, நீ தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அது தண்ணீரில் குளிரும் இன்ஜின். அப்போது சைட் இருந்த அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி விழும். தண்ணீர் கட்டியானால் பெருக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். அதனால் அப்பா சாயங்காலம் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகுதான் கைகால் கழுவுவார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சைட்டில் இருந்தது உன் அப்பா.

செல்வம்: கொட்டகைச் சாவி உங்களிடம் இருந்தது

ராஜாமணி: குழாயைத் திறக்க எதற்குச் சாவி?

செல்வம்: குழாய் கொட்டகைக்குள்தானே இருந்தது!

கலா: 🎤 குரல் பதிவு 2:41

தீபா: அத்தை, குக்கர் சத்தம்தான் கேட்கிறது

சுகந்தி: இந்தப் பஞ்சாயத்து வேண்டாம். நிச்சயத்தைப் பாருங்கள் 🙏

செல்வம்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் நம் தகரமும் போனது. மூடி வைக்க யார் வந்தீர்கள்? இப்போது மட்டும் பாசம்

ராஜாமணி: சரி, விடு. பிஸ்டன் இறுகியிருக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊற விட வேண்டும். அப்புறம் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்து அசைத்துப் பார்க்கலாம். சுத்தியல் கூடாது. பிளாக்கை இங்கே கோவையில் காட்டுகிறேன். வெறுமனே வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். சூடேற்றிப் பற்ற வைத்து மெதுவாக ஆற விட வேண்டும். முடியாவிட்டால் ராஜ்கோட்டில் இந்த ரகத்துக்கு இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது.

சுகந்தி: செலவு?

பிரபு: 👀

கலா: இன்னொரு வளையல்

தீபா: அவரிடம் போட்டோ காட்டினேன். மெக்கானிக்கல் படித்தவர் இல்லையா, வந்து பார்க்க வேண்டுமாம்

ராஜாமணி: நல்ல பையன். நம்பர் அனுப்பு

சுகந்தி: நிச்சயம் முடியட்டும் மாமா, அப்புறம் பேசிக்கொள்ளலாம்

செல்வம்: புதன்கிழமை வண்டிக்கு என்ன பதில் சொல்வது?

ராஜாமணி: வேண்டாம் என்று சொல்

செல்வம்: பந்தல்?

பிரபு: ஆள் பிடித்து முருங்கை மரத்தடிக்கு நகர்த்தலாம். வண்டியில் பழைய பீரோவை ஏற்றிவிடுங்கள்

சுகந்தி: அந்த பீரோ என் அம்மா கொடுத்த சீர்

பிரபு: 🤐

கலா: மஞ்சூரில் ஏது முருங்கை? அது பேரிக்காய் மரம்

செல்வம்: பந்தல்காரர் நம்பர் யாரிடம் இருக்கிறது?