லேப்டாப்ப மூடி பையில போட்டா அஞ்சே நிமிஷத்துல க்ராஷ், கடைசில மாட்டினது டாக்கோட லேன் டிரைவர். உங்க கதையையும் சொல்லுங்க

தெம்பனிஸ்வாசி

ரெண்டு மாசமா என் உயிர எடுத்த ஒரு விஷயம் இப்பதான் முடிஞ்சுது, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா நீங்களும் எழுதுங்க.

வேலை சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்ல. எங்க ஆபிஸ்ல யாருக்கும் சொந்த டேபிள் கிடையாது, எது காலியோ அதுல உக்காந்து அங்க இருக்கற டாக்கோட (எல்லாத்தையும் லேப்டாப்போட சேர்க்கற குட்டிப் பெட்டி) டைப்-சி ஒயர லேப்டாப்ல சொருகினா ரெண்டு மானிட்டர், கீபோர்டு, லேன் (ஒயர் வழி நெட்), சார்ஜ் எல்லாம் ஒரே ஒயர்ல வந்துடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒயர புடுங்கு, மூடு, பையில போடு, லிஃப்ட்டுக்கு ஓடு. எக்ஸ்போ ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி அப்பர் சாங்கி தாண்டறதுக்குள்ள முதுகுல இட்லி குண்டான கட்டி வச்ச மாதிரி சூடு. வீட்டுக்கு வந்து திறந்தா புதுசா ஆன் ஆன மாதிரி லாகின் ஸ்கிரீன், சேவ் பண்ணாம வச்சிருந்த எக்செல் எல்லாம் போயே போச்சு. தினமும் இல்ல, வாரத்துல ரெண்டு மூணு தடவ, அதுதான் கொடுமை. தினமும் ஆனா சட்டுனு புடிச்சிருக்கலாம்.

மொதல்ல பேட்டரின்னு நெனச்சேன், அப்புறம் ரேம்னு நெனச்சு ராத்திரி பூரா மெமரி டெஸ்ட் ஓட விட்டேன், ஒண்ணுமில்ல. விண்டோஸ் நடந்தத எழுதி வைக்கற ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41னு சிவப்பா ஒண்ணு இருந்துது, அத கூகுள்ல தேடித் தேடியே ஒரு வாரம் போச்சு. தேடாதீங்க, அது வெறும் இரங்கல் செய்தி மாதிரி, மெஷின் முறையா ஷட்டௌன் ஆகலன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. அதுக்குப் பக்கத்துலயே பக்செக் 1001னு இன்னொரு வரி இருக்கும், விஷயம் அதுலதான். எனக்கு வந்த கோடு 9எஃப், அதாவது டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். லேப்டாப் தூங்கப் போகும்போதோ எழுந்திரிக்கும்போதோ எவனோ ஒரு டிரைவர் (ஒரு சாதனத்த இயக்கற குட்டி மென்பொருள்) வழி விடாம நின்னுட்டான்னு அர்த்தம்.

எவன்னு தெரியணுமே. ப்ளூஸ்கிரீன்வியூங்கற டூல் போட்டு மினிடம்ப் ஃபைல (விழும்போது விண்டோஸ் எழுதி வைக்கற குட்டிப் பதிவு) திறந்தா என்டிஓஎஸ்கெர்னல்தான் காரணம்னு காட்டுது. அது விண்டோஸோட கெர்னலே, அதாவது மையப் பகுதி, வீட்ல திருடு போனா வாட்ச்மேன் பேர எழுதி வைக்கற கதை. அப்புறம் டம்ப்ப அலசற மைக்ரோசாஃப்ட் டூல் வின்டிபிஜி இறக்கி, விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கற பெரிய மெமரி டம்ப் ஃபைல திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தேன். நாலு பாராமீட்டர் வரும். எனக்கு மொதலாவது 4, ரெண்டாவது 12சி. 12சி ஹெக்ஸ் எண் (பதினாறடிமானம்), அத சாதா எண்ணா மாத்துனா 300, அதாவது 300 செகண்ட். பாத்ததும் எழுந்தே நின்னுட்டேன், ஏன்னா என் பை சூடாகி மெஷின் சாகறதுக்கு ஆகுற அதே அஞ்சு நிமிஷம்! தூங்கச் சொல்லிட்டு விண்டோஸ் அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டு, முடியலன்னு தானே விழுந்துடுது.

மூணாவது பாராமீட்டர்தான் முக்கியம். ப்ளக் அண்ட் ப்ளே (சாதனங்கள சொருகறது, புடுங்கறத கவனிக்கற பகுதி) பூட்ட கையில புடிச்சுக்கிட்டு விடாம நிக்கற த்ரெட்டோட (உள்ள ஓடிக்கிட்டிருக்கற ஒரு வேலை) அட்ரஸ் அது. அதக் காப்பி பண்ணி த்ரெட் கட்டளையோட கொடுத்தா யார் யாரக் கூப்பிட்டாங்கன்னு வரிசையா வருது, நடுவுல டாக்குக்குள்ள இருக்கற யூஎஸ்பி லேன் சிப்போட டிரைவர் சும்மா உக்காந்திருக்கு. நான் சந்தேகமே படாத ஆளு அது, ஏன்னா ஆபிஸ்ல நெட் ஒரு நாள் கூட கட் ஆனதில்ல.

எனக்குப் புரிஞ்சது இதுதான். டாக்ல இருக்கற லேன் போர்ட் நேரா லேப்டாப்போட சேர்ந்தது இல்ல, யூஎஸ்பி வழியா ஒட்டிக்கிட்டிருக்கற ஒரு குட்டி நெட்வொர்க் கார்டு. ஒயர புடுங்குன நொடில அந்த கார்டு காணாமப் போச்சுன்னு டிரைவர் கணக்க முடிக்கணும், அத முடிக்கறதுக்குள்ள நான் மூடியச் சாத்தித் தூங்குன்னு சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணா வந்ததும் பழைய டிரைவர் திணறுது.

செஞ்சது: டிவைஸ் மேனேஜர்ல போயி அந்த லேன் அடாப்டர அன்இன்ஸ்டால் பண்ணேன், டிரைவரையும் நீக்குன்னு ஒரு டிக் இருக்கும், அதையும் போட்டுட்டுதான். திரும்ப சொருகினா உள்ள இருந்த இன்னொரு பழைய வெர்ஷன் வந்து உக்காந்துது, அதையும் தூக்கினேன், மூணு தடவ இப்படி. அப்புறம் சிப் செஞ்ச கம்பெனியோட தளத்துல இருந்து புதுசு போட்டேன். பவர் மேனேஜ்மென்ட் டேப்ல பவர் மிச்சம் புடிக்க இந்த டிவைஸ ஆஃப் பண்ணலாம்ங்கற டிக்கையும் எடுத்துட்டேன். டாக் எந்த பிராண்ட், சிப் எதுன்னு கேக்காதீங்க, ஆபிஸ் சாமான்.

காப்பிக்கடை தம்பி

அண்ணே எனக்கும் டாக் லேன்தான், ஆனா தூங்கும்போது இல்ல, முழிச்சிருக்கும்போதே. வீட்ல 1 ஜிபிபிஎஸ் ஃபைபர், ரவுட்டர் பக்கத்துலயே ஸ்டோரேஜ் பாக்ஸ், தங்கச்சி கல்யாண வீடியோ மொத்தத்தையும் அதுல ஏத்த ஆரம்பிச்சா பத்து பதினஞ்சு ஜிபி போனதும் டமால். ப்ளூ ஸ்கிரீன்லயே வாட் ஃபெயில்டுன்னு போட்டு ஒரு சிஸ் ஃபைல் (டிரைவர் ஃபைல்) பேரு வந்துது, கோடு டி1, தொடக்கூடாத நேரத்துல தொடக்கூடாத மெமரியத் தொட்டுட்டானாம். வைஃபைல ஏத்துனா மெதுவா போகுது ஆனா விழல. அதே லேன் ஒயர லேப்டாப்போட சொந்த போர்ட்ல போட்டேன், அப்பவும் விழல. அதுலயே புரிஞ்சுது. டிரைவர மாத்தி நிம்மதியா இருந்தா அடுத்த மாசம் ஆட்டோமேட்டிக் அப்டேட்ல பழசே திரும்ப வந்துடுச்சு லா!! அப்டேட்ட மறைக்கற குட்டி டூல் ஒண்ணு கிடைச்சுது, ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்னு, அதுல போய் அந்த ஒண்ண மட்டும் மறைச்ச பிறகுதான் கல்யாண வீடியோ முழுசா ஏறுச்சு.

ஜூரோங் அக்கா

நான் ஹெல்ப்டெஸ்க்ல இருக்கேன், அதனால ரெண்டு வார்த்த சொல்லிக்கறேன். தெம்பனிஸ் தம்பி, அந்த டிக்க எடுத்ததோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. நீங்க டேபிள் மாறி உக்காந்தா அந்த டாக்ல இருக்கற லேன் உங்க லேப்டாப்புக்கு புது ஆளு. டிவைஸ் மேனேஜர்ல வியூ போய் மறைஞ்சிருக்கற டிவைஸ காட்டச் சொல்லிப் பாருங்க, அதே அடாப்டர் 2, 3, 4னு நம்பர் போட்டு வரிசையா நிக்கும். எந்த டாக்ல இருந்து டிக் எடுத்தீங்களோ அதுக்கு மட்டும்தான் அது செல்லும், புது டாக்ல டிக் திரும்ப இருக்கும்.

எங்க ஆபிஸ்ல ஜன்னலோர வரிசைல உக்காந்தவங்களுக்கு மட்டும் லேப்டாப் விழுந்துக்கிட்டிருந்துது. அந்த டேபிளுக்கு ராசியில்லன்னு பேராயிடுச்சு, நம்ம ஆளுங்க ரெண்டு பேரு வெள்ளிக்கிழமை அங்க உக்காரவே மாட்டாங்க, சீன அங்கிள் ஒருத்தர் ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து வச்சாரு. போய் கவுத்துப் பாத்தா அந்த வரிசைல மட்டும் பழைய பேட்ச் டாக், புது ஃபர்ம்வேர் (டாக்குக்குள்ளயே இருக்கற மென்பொருள்) ஏத்தாம விட்டிருந்தோம். ஏத்தி முடிச்சதும் சரியாச்சு. பழத்த நாங்க சாப்பிட்டோம்.

இன்னொண்ணு, சில புது லேப்டாப்ல அந்த பவர் மேனேஜ்மென்ட் டேப்பே இருக்காது, தேடித் தேடி எங்களுக்கு டிக்கெட் போடாதீங்க. அப்புறம் இதுக்காக நீங்களே பயாஸ் (லேப்டாப்ப எழுப்பி விடற அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணப் போறீங்கன்னா பிட்லாக்கர (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) நிறுத்தி வச்சுட்டு பண்ணுங்க, இல்லன்னா 48 இலக்க ரெகவரி நம்பர் கேக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குத்தான் ஃபோன் வரும்.

உட்லண்ட்ஸ் நைட் ஷிப்ட்

எல்லாத்தையும் டிரைவர் தலைல கட்டாதீங்கப்பா. எனக்கும் டாக்ல சொருகினா ரீஸ்டார்ட் ஆச்சு, நானும் டிரைவர் டிரைவர்னு நாலு வாட்டி மாத்துனேன். ஆனா மினிடம்ப் ஃபோல்டர் காலி, ப்ளூ ஸ்கிரீனும் வரல, அந்த 41 வரிக்குள்ள பக்செக் கோடு 0ன்னு இருந்துது. 0ன்னா கெர்னலுக்கு எழுதக் கூட நேரம் கிடைக்கல, பெரும்பாலும் கரன்ட் சட்டுனு போயிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற சிம் லிம்ல போய் நல்ல டைப்-சி ஒயரா பாத்து வாங்கி மாத்துனேன், முடிஞ்சுது. அதனால மொதல்ல டம்ப் இருக்கான்னு பாருங்க, இருந்தா டிரைவர தேடுங்க, இல்லன்னா ஒயர், அடாப்டர்.

காப்பிக்கடை தம்பி

ஜன்னலோர டேபிள் ஆரஞ்சு 😂😂 அக்கா எங்க ஆபிஸுக்கும் வாங்க

தெம்பனிஸ்வாசி

அக்கா சொன்னது அப்படியே நடந்துது. நேத்து மூணாவது மாடில இடம் கிடைச்சுது, உக்காந்ததும் சந்தேகத்துல போய் பாத்தா அடாப்டர் நம்பர் 5, டிக் திரும்ப இருக்கு. எங்க ஹெல்ப்டெஸ்க்ல சொன்னேன், எல்லா லேப்டாப்புக்கும் புது டிரைவர மொத்தமா அனுப்பறோம்னாங்க, எப்பன்னு சொல்லல.

அதுவரைக்கும் நான் ஒயர புடுங்கிட்டு மூடிய சாத்தாம பத்து எண்ணிட்டுதான் மூடறேன். 19 நாளா ஒரு தடவ கூட விழல, பையும் சூடாகல. அந்த பத்து எண்றதுக்குள்ள லிஃப்ட் ஒண்ணு நிரம்பிக் கீழ போயிடுது, அடுத்ததுல வரேன்.