கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சிபியு ஆன் ஆகமாட்டேங்குது, கழட்டினா நல்லா ஓடுது – உதவி தேவை

கேட்டவர் (கல்யாண வீடியோ எடிட்டர், தென்காசி)

எல்லாருக்கும் வணக்கம். சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஆவணி முகூர்த்தத்துல எடுத்த வீடியோ எல்லாம் எடிட்டிங்குக்கு வரிசையா நிக்குது. டைம்லைன் ரொம்ப திணறுதுன்னு ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வித்தவர் என் முன்னாடியே அவர் சிஸ்டத்துல ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார்.

என் சிஸ்டம்: ஐ5-4460 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ரெண்டு ஹார்ட் டிஸ்க். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) கேபினெட்டோட சேர்ந்து வந்தது, மேல 500 வாட்ஸ்னு போட்டிருக்கு. அதுல கார்டுக்கான 8 பின் வயர் கிடையாது. அதனால கடையில ரெண்டு மோலெக்ஸ் (பழைய 4 பின் பவர் வயர்) முனையில இருந்து 8 பின்னுக்கு மாத்துற கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன்.

பிரச்சனை இதுதான். கார்டைப் போட்டு பவர் பட்டனை அழுத்தினா ப்ராசசர் ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடுது. மறுபடி அழுத்தினா அசைவே இல்ல. பின்னாடி வயரைப் பிடுங்கி கொஞ்ச நேரம் விட்டு மாட்டினா திரும்ப அதே அரைச் சுத்து. கார்டைக் கழட்டிட்டா போர்டுல இருக்கிற விஜிஏ வழியா விண்டோஸ் ஒழுங்கா வருது. கார்டு போயிடுச்சா? கார்டு வாங்கின பணம் முழுசும் ஒரு கல்யாணத்துக்கு வாங்கின அட்வான்ஸ். யாராவது வழி சொல்லுங்க அண்ணா.

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

தம்பி, கார்டு போச்சுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. "ஆன் ஆகல"ன்னு வர்ற கேஸ்ல ரெண்டு வகை உண்டு. ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலங்கறது ஒண்ணு. ஃபேன் துடிச்சு நின்னுடுதுங்கறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. உங்களோடது ரெண்டாவது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க தானே கட் பண்ணிக்குது. வயரைப் பிடுங்கி மாட்டினாத்தான் திரும்ப அசையுதுன்னு சொன்னீங்களே, அதுதான் அடையாளம். ஒண்ணு, எங்கேயோ ஷார்ட் இருக்கணும். இல்லேன்னா எஸ்எம்பிஎஸ்ஸால தாங்க முடியல.

ஒரு சோதனை பண்ணுங்க. மெயின் வயரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை சில விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிடும். கார்டை ஸ்லாட்லயே விட்டுட்டு 8 பின் வயரை மட்டும் கழட்டுங்க. மானிட்டரை போர்டுல மாட்டி ஆன் பண்ணிப் பாருங்க. ஸ்லாட் வழியா கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் போகும், அதனால பயப்பட வேண்டாம். ஆன் ஆச்சுன்னா ஸ்லாட் பக்கம் ஷார்ட் இல்ல. அப்பவும் துடிச்சு நின்னா கார்டு மேல சந்தேகப்படலாம்.

அப்படியே எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. பெருசா எழுதின 500 நமக்கு வேண்டாம். கட்டம் போட்ட பட்டியல்ல +12வி-க்கு நேரா எத்தனை ஆம்பியர்னு இருக்கோ, அதை எழுதுங்க.

பதில் (பாலிடெக்னிக் ஆசிரியர், எலக்ட்ரானிக்ஸ்)

மல்டிமீட்டர் கிடைத்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கார்டை முழுவதும் வெளியே எடுத்து மேஜையில் வையுங்கள். அதன் 8 பின் சாக்கெட்டில் மஞ்சள் கம்பி வந்து சேரும் முள் ஒன்றையும் கருப்புக் கம்பி வந்து சேரும் முள் ஒன்றையும் தொட்டு மின்தடை பாருங்கள். மீட்டர் பஸ்ஸர் விடாமல் கத்தி, ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் உள்ளே மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். நூற்றுக்கணக்கில் ஓம் காட்டினாலோ, மெல்ல ஏறிக்கொண்டே போனாலோ அந்தப் பாதையில் ஷார்ட் இல்லை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க மட்டும் வேண்டாம். 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது இறங்காது.

பதில் (ஒரு வாசகர்)

ப்ரோ, மோலெக்ஸ் கன்வெர்ட்டர் சரியில்லாம இருக்கலாம். சாட்டா வயர்ல (ஹார்ட் டிஸ்க்குக்குப் போற பவர் வயர்) இருந்து 8 பின்னுக்கு மாத்துற கன்வெர்ட்டர் ஆன்லைன்ல கம்மி விலைக்கு வருது, அதைப் போட்டுப் பாருங்க.

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு முள், முள்ளுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட்ஸ். 8 பின் கேக்கக்கூடியது 150 வாட்ஸ். வெள்ளைக் கனெக்டர் பழுப்பாகி, உருகி, ஹார்ட் டிஸ்க்கோட ஒட்டிப்போய் என் மேஜைக்கு வந்திருக்கு. கஸ்டமரோட கல்யாண வீடியோ இருக்கிற டிஸ்க்கை அந்த நெலமைக்கு விடக்கூடாது.

கேட்டவர்

அண்ணா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. 8 பின் கழட்டிட்டு ஆன் பண்ணினேன், சிபியு ஆன் ஆகி போர்டு விஜிஏ-ல விண்டோஸ் வந்துச்சு. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன்கிட்ட மீட்டர் வாங்கிப் பார்த்தோம். பஸ்ஸர் கத்தல, சில நூறு ஓம் காட்டுச்சு. லேபிள்ல +12வி-க்கு நேரா 14ஏ-ன்னு இருக்கு. 500 வாட்ஸ்னு போட்டதுக்கு இது போதாதா?

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

போதவே போதாது. 12-ஐ 14-ஆல பெருக்குங்க, 168 வாட்ஸ். ஆர்எக்ஸ் 580 மட்டுமே முழு வேலை செய்யும்போது 185 வாட்ஸ் வரைக்கும் கேக்கும். உங்க ப்ராசசருக்கு 84. டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் சேர்த்தா 300-ஐத் தாண்டும். அதுல பெரும்பகுதி 12 வோல்ட்லதான். மேல போட்ட 500 எங்க இருந்து வந்ததுன்னா, 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாத்தையும் கூட்டி எழுதிடறாங்க. இன்னைய கம்ப்யூட்டர்ல அந்த லைன்களுக்குப் பெருசா வேலையே இல்ல. கேபினெட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்ல எங்க ஊர்ல நான் பாக்கறது முக்காவாசி இப்படித்தான். விவரம் தெரியாம வாங்கறவங்க பாவம்.

பதில் (பாலிடெக்னிக் ஆசிரியர், எலக்ட்ரானிக்ஸ்)

இங்கே ஒரு விஷயம் விளக்கப்பட வேண்டும். பட்டனை அழுத்திய உடனே கார்டு 185 வாட்ஸ் இழுக்காது. அப்படியிருக்க ஏன் உடனே நிற்கிறது? கார்டின் நுழைவாயில் கெப்பாசிட்டர்கள் எல்லாம் அந்த ஒரு கணத்தில் காலியாக இருக்கின்றன, ஒரேயடியாக மின்னோட்டத்தை உறிஞ்சுகின்றன. நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கிவிடும். பல ஆண்டு வெயிலிலும் தூசியிலும் ஓடி, கெப்பாசிட்டர் காய்ந்துபோன ஒன்றில் 12 வோல்ட் சரிந்துவிடும். 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் "எல்லாம் சரி" என்ற சிக்னல் போர்டுக்குப் போகாது, அல்லது பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும். பச்சைக் கம்பியையும் கருப்பையும் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்ப்பார்களே, அதில் இது தெரியவே தெரியாது. சுமையே இல்லாமல் எதுவும் ஓடும்.

கேட்டவர்

பிரிண்டிங் ப்ரெஸ் வச்சிருக்கிற நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்து 550 வாட்ஸ், ப்ரான்ஸ் ரேட்டிங் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததுக்கான தரச்சான்று) எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கிட்டு வந்தேன். அதுல 6+2 பின் வயர் (சேர்த்தா கார்டுக்கான 8 பின்) தனியாவே இருக்கு. மாட்டினதும் நிக்காம ஓடுது, கார்டு ஃபேனும் சுத்துது! ஆனா டிஸ்ப்ளே வரல. என்னோடது விஜிஏ மட்டும் இருக்கிற 19 இஞ்ச் மானிட்டர், எச்டிஎம்ஐ-ல இருந்து விஜிஏ கன்வெர்ட்டர் போட்டிருக்கேன். கேபினெட்டைத் தூக்கிட்டுப் போய் ஹால்ல டிவியில நேரா எச்டிஎம்ஐ மாட்டியும் பார்த்துட்டேன், நோ சிக்னல்.

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

டிவியில பார்த்தது ரொம்ப நல்லது. அந்தக் கார்டுல விஜிஏ சிக்னலே கிடையாது, டிவிஐ சாக்கெட் இருந்தாலும் டிஜிட்டல் மட்டும்தான். உள்ள சிப் இல்லாத சாதா கன்வெர்ட்டரா இருந்தா படம் வராது. இப்ப கன்வெர்ட்டர் மேல சந்தேகம் தீர்ந்தது. ஒரு நல்ல விஷயம், நீங்க இப்ப முதல் வகைக்கு வந்துட்டீங்க.

அடுத்து, எல்லா வயரும் இருக்கிறபடியே இருக்கட்டும், மானிட்டரை மட்டும் போர்டு விஜிஏ-ல மாட்டுங்க. விண்டோஸ் வந்தா டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பாருங்க. அங்க இன்டெல், கார்டுன்னு ரெண்டு பெயர் இருந்தா பயாஸ் (போர்டோட அடிப்படை மெனு) செட்டிங் பார்க்கணும். இன்டெல் மட்டும் இருந்தா, போர்டு கண்ணுக்குக் கார்டு இன்னும் தெரியவே இல்லன்னு அர்த்தம்.

கேட்டவர்

போர்டுல படம் வருது. இன்டெல் எச்டி 4600 மட்டும்தான் இருக்கு அண்ணா.

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

அப்போ கார்டு ஸ்லாட்ல முழுசா உக்காரல. கரண்ட் எடுக்கிற முள் எல்லாம் கேபினெட்டோட பின்பக்கத்தை ஒட்டின சின்னப் பகுதியில இருக்கு, அதனாலதான் ஃபேன் சுத்துது. ஆனா "நான் இருக்கேன்"னு போர்டுக்குச் சொல்ற முள் ஸ்லாட்டோட ரெண்டு கோடியிலும் இருக்கு. வால் பக்கம் (பின்பக்கத்துக்கு எதிர் முனை) ஒரு மில்லிமீட்டர் தூக்கிட்டா நிறைய போர்டுல ஸ்லாட் காலின்னே எடுத்துக்கும்.

மெல்லிசுத் தகர கேபினெட்ல இது அடிக்கடி நடக்கும். கார்டு உக்காரும்போது சரியா இருக்கும். பின்னாடி பிராக்கெட் ஸ்க்ரூவை முறுக்க முறுக்க மறு முனை நெம்பி மேல எழும்பும். மேல இருந்து பார்த்தா தெரியாது. கேபினெட்டைப் படுக்க வச்சு, மொபைல் டார்ச்சை ஸ்லாட்டுக்குப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. தங்க நிறப் பட்டை வால் பக்கம் கோடா தெரிஞ்சா உக்காரலன்னு அர்த்தம்.

கழட்டும்போதே அந்தத் தங்கப் பட்டையை வெள்ளை ரப்பரால ஒரே திசையில மெதுவா தேச்சு, துகளை பிரஷ்ஷால தட்டிடுங்க. செகண்ட் ஹேண்ட் கார்டுல கைப்பிசுக்கு நிறைய இருக்கும். ஸ்லாட்டுக்குள்ள ரப்பர் துகள் விழக்கூடாது. பிறகு ஸ்க்ரூ போடாம, போர்டைக் கேபினெட்டுக்குள்ள படுக்க வச்ச நிலையில, ரெண்டு கையாலயும் சமமா அழுத்துங்க. வால் பக்க லாக் "டிக்"னு விழணும். விழுந்ததும் ஸ்க்ரூ இல்லாமலே ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க.

கேட்டவர்

வந்துடுச்சு அண்ணா!! டார்ச் அடிச்சப்போ வால் பக்கம் தங்கக் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. இந்த கேபினெட்ல அந்த லாக் விழுந்த சத்தத்தையே நான் இப்பத்தான் கேக்கறேன். ஸ்க்ரூ இல்லாம டிவியில படம் வந்துச்சு, டிரைவரும் ஏறிடுச்சு. பிராக்கெட்டுக்கு அடியில தகரம் உள்பக்கமா வளைஞ்சிருந்துது, கொறடால நிமிர்த்திட்டு ஸ்க்ரூ போட்டேன், இப்பவும் வருது. சார், அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி.

பதில் (கல்லூரி மாணவி, திருச்சி)

அண்ணா, இதோட என் சந்தேகத்தையும் கேட்டுக்கறேன். என்னோடது ரைசன் 5 3600. ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, போர்டுல விஜிஏ-ன்னு எழுதின சின்ன லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு. கார்டைக் கழட்டிட்டுப் பார்க்கலாம்னா என் போர்டு எச்டிஎம்ஐ-ல ஒண்ணுமே வரல. போர்டும் போயிடுச்சா?

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

இல்லம்மா. அந்த ப்ராசசருக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. இன்டெல்ல பேர் எஃப்-ல முடியறதும் அப்படித்தான். போர்டுல எச்டிஎம்ஐ சாக்கெட் இருந்தாலும் அதுல படம் வராது. கார்டு இல்லாம சோதிக்க வழியே இல்ல. ஜிடி 710 மாதிரி சின்ன கார்டு ஒண்ணு யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. 19 வாட்ஸ்தான், தனி வயர் தேவையில்ல. அதுல படம் வந்தா போர்டும் ஸ்லாட்டும் நல்லா இருக்கு, உங்க கார்டையோ அதோட வயரையோ பார்க்கணும். அதுக்கு முன்னாடி மேல சொன்ன மாதிரி உக்கார வச்சுப் பாருங்க. ப்ராசசருக்குப் போற 4+4 வயரை கார்டுல அழுத்திச் சொருகப் பார்க்காதீங்க, ரெண்டுலயும் மஞ்சளும் கருப்பும் இடம் மாறியிருக்கும்.

பதில் (பாலிடெக்னிக் ஆசிரியர், எலக்ட்ரானிக்ஸ்)

தென்காசித் தம்பிக்கு இன்னும் இரண்டு. ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் (கார்டின் சிப்பிலுள்ள சிறு கணக்கிடும் அலகு) எண்ணிக்கை பாருங்கள். முழு ஆர்எக்ஸ் 580-க்கு 2304 இருக்கும். 2048 என்று காட்டினால் அதே பெயரில் வந்த குறைந்த வகை, விலை பேசியது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மைனிங் (கார்டுகளை ஓயாமல் ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலை) நின்ற பிறகு இந்தக் கார்டுகள் சந்தையில் குவிந்தன. மைனிங்கில் ஓடியதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு பெரிய எக்ஸ்போர்ட்டை ஓட்டிவிட்டு வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 80 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் சிப்பின் மேல் தடவும் வெப்பப் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

பயாஸில் ஐஜிபியு (ப்ராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ்) மல்டி மானிட்டர் என்பதை ஆன் செய்து வையுங்கள். கார்டு வேலை செய்யும்போதே இன்டெல் சிப்பும் விழித்திருக்கும். கேமராவின் எச்.264 ஃபைல்களை டீகோட் செய்யும் (சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும்) வேலைக்கு எடிட்டிங் மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

கேட்டவர்

2304 காட்டுது சார், நிம்மதி. ஒரே ஒரு கேள்வி. கார்டு உக்காராததுதான் காரணம்னா, பழைய எஸ்எம்பிஎஸ்லயே இப்ப ஓடுமோ? இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும்.

பதில் (சர்வீஸ் டெக்னீஷியன், மதுரை)

ஒருவேளை ஆன் ஆகலாம். ஆனா எக்ஸ்போர்ட் போட்ட உடனே கார்டும் ப்ராசசரும் சேர்ந்து இழுக்கும், 168 வாட்ஸ் லைன்ல அது நடக்காது. பாதி எக்ஸ்போர்ட்ல கட் ஆனா பரவாயில்ல, கட் ஆகாம வோல்டேஜ் ஆடினா ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து. புதுசு வாங்குங்க. 550 வாட்ஸ் போதும். லேபிள்ல 12 வோல்ட் ஒரே லைனா 40 ஆம்பியருக்கு மேல இருக்கணும், 6+2 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ல இருந்தே வரணும், வாரண்டி குறைஞ்சது மூணு வருஷம் எழுத்துல இருக்கணும். கழட்டி மாட்டற வயர் உள்ள மாடல்னா, இரவல் எஸ்எம்பிஎஸ்ஸோட வயரை அதுல மாட்டிடாதீங்க. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாத்தி மாட்டி டிஸ்க் எரிஞ்ச கேஸ் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி லேபிள் போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.